மார்புக்கு ஒரு மாவுக்கட்டு

கவசம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். என் மாமியார் தினமும் விளக்கேற்றிவிட்டுச் சொல்லும் கந்த சஷ்டி கவசம். யுத்தத்துக்குப் போகிறவன் உடம்பில் போட்டுக்கொள்ளும் கவசத்தை, அதுவும் கிரேக்க தேசத்துச் சிப்பாயின் கவசத்தை, பழைய வேட்டியையும் புளியங்கொட்டைப் பசையையும் வைத்துக்கொண்டு என் கையாலேயே செய்வேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். செய்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கவசம் என் மகனை எழுந்து நிற்க வைத்தது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

கொய்யா மரத்தில் ஆரம்பித்தது

எங்களுக்கு ஊர் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை அடுத்து, டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கிறதே, அந்த ஊர்தான். என் சின்னவனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே கொல்லையில் இருக்கும் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டான். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது எப்போது வேண்டுமானாலும் நேரக்கூடிய காரியம். ஆகவே நான் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும். கால் விரல்களைத் தினமும் பார்க்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் அதிகரித்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். உள்ளே அரிக்கிறது என்று ஈர்க்குச்சியை விட்டுக் குடைய விடக்கூடாது. என் பிள்ளை அதைச் செய்து கையும் களவுமாக அகப்பட்டான். உள்ளே கீறல் பட்டுப் புண்ணானால் வெளியே தெரியாது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முட்டை, பால், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

உடம்புக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மனசுக்கு என்ன செய்வது? முதல் வாரம் சிநேகிதப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். கட்டின் மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் இருவராகக் குறைந்தது. மூன்றாம் வாரம் சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. புத்தகத்தைத் தொடவில்லை. "பாடமெல்லாம் போயிடுச்சு, இனிமே ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அமைதியாகச் சொன்னான்.

துணியிலே கவசமா?

செங்கற்பட்டில் கல்லூரியில் சரித்திரம் படிக்கும் என் பெரியவள் ஒரு சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். இத்தாலி தேசத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்ப்பே நகரத்தில், ஒரு வீட்டுத் தரையில் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்துச் செய்த சித்திரம் அது. 1831-ல் கண்டெடுத்தார்களாம். அதில் அலெக்சாண்டர் குதிரை மேல் பாய்ந்து வருகிறான்.

"அவன் மார்பிலே போட்டிருக்கானே, அது இரும்பா?" என்று கேட்டான் சின்னவன். மூன்று நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"இல்லடா, துணி. லினன் துணியைப் பல மடிப்பா ஒட்டியோ தைச்சோ பண்ணினது. லினோதோராக்ஸ்னு பேர்."

அவன் தன் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். டொக் டொக் என்று சத்தம் கேட்டது. "இதுவும் துணிதானே? மாவு தடவித்தானே கல்லு மாதிரி ஆச்சு? அப்போ அது மார்புக்குப் போட்ட மாவுக்கட்டு!"

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். படிப்பில் சுமார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, சரித்திரப் பேராசிரியர்கள் யோசிக்கும் விஷயத்தைத் தன் உடைந்த காலிலிருந்தே பிடித்துவிட்டான்.

ஆமாம், பேராசிரியர்களேதான். இரும்பு, வெண்கலக் கவசங்கள் மண்ணுக்குள் கிடந்தாலும் தப்பிக்கும். துணி மக்கிப்போகும். அதனால் அந்தக் காலத்து லினன் கவசம் முழுசாக ஒன்றுகூட இன்று இல்லை. ஜாடிகளில் தீட்டிய சித்திரங்கள், சிலைகள், பழைய நூல்களில் வரும் குறிப்புகள், இவைதான் மிச்சம். ஹோமரின் 'இலியட்' காவியத்திலேயே லினன் கவசம் போட்ட வீரன் வருகிறான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் கிரெகரி ஆல்ட்ரீட் என்ற பேராசிரியரும் ஸ்காட் பார்ட்டெல் என்ற அவருடைய மாணவரும், "செய்துதான் பார்ப்போமே" என்று இறங்கினார்கள். அலெக்சாண்டர் மேல் பிரியம் கொண்டு, அந்தச் சித்திரத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு கவசம் செய்துகொண்டவர் அந்த மாணவர்தான். லினன் துணியை அந்தக் காலத்துப் பசைகளால் அடுக்கடுக்காக ஒட்டி, அம்பு விட்டுச் சோதித்து, 2013-ல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஒட்டிய துணி அம்பைத் தடுத்தது. வெண்கலக் கவசத்தை விட எடையும் வெகு குறைவு, நாலைந்து கிலோதான். 'ஒட்டவில்லை, மெத்தை போலத் தைத்திருப்பார்கள்' என்று வாதாடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இப்படிச் செய்து பார்த்தே சரித்திரம் கற்கிறவர்கள் பல தேசங்களில் உண்டு. 1987-ல் கிரேக்கர்களின் பழைய போர்க்கப்பலைப் போலவே ஒன்றைக் கட்டி, ஒலிம்பியாஸ் என்று பெயரிட்டு, 170 பேரைத் துடுப்புப் போட வைத்துக் கடலில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். "நாமளும் செய்யலாம்மா" என்றான் சின்னவன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

யவனர் நமக்கு அந்நியரா?

கிரேக்கனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சங்க நூல்களில் யவனர் என்று வருகிறவர்கள் கிரேக்கரும் ரோமரும்தான் என்று பெரியவள் சொன்னாள். யவனர் மரக்கலத்தில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர் வருகிறார்கள். இடுப்பில் சாட்டையைச் சுற்றி, உடையை இறுக்கிக் கட்டி, 'மெய்ப்பை' அணிந்திருந்தார்களாம். மெய்யை நுழைக்கும் பை. சட்டை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். தைத்த மேல்சட்டை நம் ஊர் வெயிலில் அப்போது அதிசயமாகத்தானே இருந்திருக்கும்?

இதைவிட எனக்கு ஆச்சரியம், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கும் வசவசமுத்திரம். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு எத்தனையோ முறை அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது உறைகிணறுகளும், செங்கல் தொட்டிகளும், மேல்நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. இரண்டு காது வைத்து அடிப்பாகம் கூம்பிப்போன சாடிகள் அவை. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்தவற்றில் கிரேக்கத் தீவான காஸ் பாணிச் சாடிகளே இருக்கின்றனவாம். அந்தச் சாடியில் திராட்சை மது வந்தது, ஆலிவ் எண்ணெய் வந்தது, மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறும் வந்தது. மீன் சாறு என்றதும் என் மாமியார், "நம்ம கருவாட்டு வாசனை அவங்களுக்கும் பிடிச்சிருக்கு" என்றார்.

மைதா மோசம் செய்தது

வேலையை ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரரின் பழைய நாலு முழ வேட்டிகள் மூன்று. லினன் என்பது ஆளிவிதைச் செடியின் நாரிலிருந்து நெய்வது. அதற்கு நாம் எங்கே போவது? நமக்குப் பருத்தி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரசீகச் சேனையில் வந்த இந்தியர்கள் மரத்தில் விளைந்த கம்பளியை உடுத்தியிருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க ஆசிரியர் வியந்து எழுதியிருக்கிறார். அவர் சொன்னது நம் பருத்தியைத்தான்.

முதலில் மைதாப் பசை காய்ச்சினேன். வேட்டியைப் பெரிய பெரிய துண்டாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவிப் பன்னிரண்டு அடுக்கு ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, மொட்டை மாடியில் காயவைத்தேன். கடற்காற்றில் மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை. நாலாம் நாள் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. ஐந்தாம் நாள் கரப்பான் வந்தது. நாற்றம் தாங்காமல் என் வீட்டுக்காரர், "இது வீடா, பசைக் கம்பெனியா?" என்றார். சின்னவனுக்கு முகம் வாடிவிட்டது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவானோ என்று எனக்குத் திக்கென்றது.

அப்போதுதான் என் மாமியார் வாய் திறந்தார். அவருக்குப் பிறந்த வீடு காஞ்சிபுரத்துப் பக்கம், நெசவுக் குடும்பம். பாவுக்குக் கஞ்சி போட்டு வளர்ந்த கை. இந்த வீட்டுக்கு நான் வந்து இருபது வருஷத்தில் அந்த வித்தையைப் பற்றி நான் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மைதா எதுக்கும்மா? புளியங்கொட்டை இருக்கே. வறுத்துத் தோலை எடுத்துட்டு, ஒரு ராத்திரி ஊற வச்சு மையா அரை. தண்ணி ஊத்திக் கைவிடாம கிளறிக் காய்ச்சு. கண்ணாடி மாதிரி வரும்."

"அத்தை, இதுக்கும் பூச்சி வந்துட்டா?"

"வேப்பிலையைக் கொதிக்க வச்ச தண்ணியிலே காய்ச்சு. அப்புறம் ஒண்ணு, துணியை ஒரேயடியா அடுக்காதே. ரெண்டு மடிப்பு ஒட்டு, காய விடு. அப்புறம் ரெண்டு. அவசரப்பட்டா உள்ளே வேகாத இட்லி மாதிரிதான்."

புத்தகம் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது. ஆனால் அது விஷம். பிள்ளை உடம்பில் படுகிற பொருளுக்கு வேண்டவே வேண்டாம் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டியபடியே சின்னவன் பசை தடவினான். ஆயா கட்டையால் தேய்த்தார். செய்தி கேட்டுச் சிநேகிதப் பிள்ளைகள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களிடமே பாட நோட்டையும் வாங்கி எழுதிக்கொண்டான்.

அடுக்கெல்லாம் முடிந்து காய்ந்ததும் பலகை மாதிரி ஆகிவிட்டது. வடிவமாக வெட்டலாம் என்று என் தையல் கத்திரிக்கோலை வைத்தேன். அது வாயை மூடவே மறுத்துவிட்டது. கடைசியில் இரும்பு அறுக்கும் ரம்பத்தால்தான் என் வீட்டுக்காரர் அறுத்துக் கொடுத்தார். அமெரிக்கப் பேராசிரியருக்கும் இதே கதி! அவரும் மின்சார ரம்பம் போட்டுத்தான் அறுத்தாராம். அந்தக் காலத்தில் அப்படி ஏது? ஆகவே ஒவ்வொரு துணியையும் முதலிலேயே வடிவமாக வெட்டிக்கொண்டு அப்புறம்தான் ஒட்டியிருப்பார்கள். துணி வெட்டிப் பழகிய எவளுக்கும் இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றாமல் போயிற்றே! தோள் பட்டையை அப்படித்தான் செய்தேன். சுலபமாக வந்தது.

அமைப்பு இப்படி: மார்பையும் முதுகையும் ஒரே துண்டாகச் சுற்றி இடது விலாவில் கயிறால் கட்ட வேண்டும். முதுகிலிருந்து வரும் இரண்டு பட்டைகளைத் தோள் மேல் இழுத்து மார்பில் முடிய வேண்டும். இடுப்புக்குக் கீழே பாவாடை மாதிரி பட்டை பட்டையாகக் கிழிந்து தொங்கும். நடக்கவும் உட்காரவும் வசதிக்காக அது. எங்கள் கவசம் ஒன்றரைக் கிலோ வந்தது. கோணி ஊசியை வைத்து ஊன்றி அழுத்தினேன். பாதி தூரம் போய் ஊசிதான் வளைந்தது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் திடீர் மழை. மாடியிலிருந்து எடுப்பதற்குள் ஒரு தோள் பட்டை நனைந்து அப்பளமாய்த் தொங்கிவிட்டது. மறுபடி ஒட்டி, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவினோம்.

சிப்பாயின் வீட்டிலே

கவசம் காயும் நாட்களில், "அவன் வீட்டிலே என்ன சாப்பிட்டான்?" என்ற கேள்வி வந்தது. அதையும் செய்து பார்த்தோம்.

அவர்களுக்கு அன்றாட ஆகாரம் வாற்கோதுமை. நாம் நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைக்கும் பார்லிதான். அதை வறுத்து மாவாக்கித் தண்ணீரோ எண்ணெயோ தேனோ விட்டுப் பிசைந்து உருட்டுவார்கள். மாஸா என்று பெயர். நம் சத்துமாவு உருண்டையின் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அத்திப்பழம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மீன், பருப்பு. இறைச்சி பெரும்பாலும் பலி கொடுக்கும் விசேஷ நாளில்தான். மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பது நாகரிகமில்லாதவன் செயல். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் கிடையாது. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. "மிளகாயே இல்லாம எப்படிம்மா?" என்றான். நம் முன்னோருக்கும் மிளகாய் கிடையாது, மிளகுதான் என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று இரண்டு உருண்டை தின்றான். மீனை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தேன், தட்டு காலி.

உடுத்துவதில் அவர்கள் நமக்கு இன்னும் நெருக்கம். கிரேக்கப் பெண்ணின் உடை வெட்டித் தைத்ததல்ல. தறியிலிருந்து எடுத்த நீளத் துணியை உடம்பில் சுற்றித் தோளில் ஊசி குத்திக்கொள்வாள், இடுப்பில் கயிறு கட்டுவாள். என் புடவையைச் சுற்றித் தோளில் இரண்டு ஊக்குப் போட்டுப் பெரியவள் நின்றாள். சித்திரத்தில் இருப்பவள் மாதிரியே இருந்தாள். தலையில் குடம் வைத்து ஊற்றடியில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். அம்மி மாதிரிக் கல்லில் தானியம் அரைத்திருக்கிறார்கள். ஐந்து கல்லை மேலே வீசிப் புறங்கையில் ஏந்தும் விளையாட்டுகூட உண்டு. பெண்கள்தான் அதிகம் ஆடுவார்களாம். அஞ்சாங்கல் நம்முடையது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். வசதியான வீடுகளில் அரைப்பதும் இறைப்பதும் அடிமைகளின் தலையில் விழுந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடையாது. நல்ல குடும்பத்துப் பெண் வெளியே தலைகாட்டாமல் இருப்பதே பெருமை என்று நினைத்தார்கள். அவளுக்கு என்று இருந்த பெரிய வேலை நூல் நூற்பதும் நெய்வதும். களிமண் குண்டுகளைக் கட்டிப் பாவைத் தொங்கவிட்டு, நின்றுகொண்டே நெய்ய வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சண்டைக்குப் போகிற கிரேக்கன் தன் ஆயுதங்களைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். சர்க்கார் கொடுக்காது. வெண்கலத்துக்குக் கொல்லனிடம் போக வேண்டும். துணிக் கவசத்துக்கு? நூலும் துணியும் பெண்களின் கையிலிருந்தல்லவா வந்தன? எகிப்து அரசன் அமாசிஸ் காணிக்கையாக அனுப்பிய ஒரு லினன் கவசத்தில், ஒவ்வொரு இழையும் 360 சிற்றிழைகளை முறுக்கிச் செய்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அத்தனையையும் முறுக்கியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இதை வாசித்துச் சொன்னபோது என் மாமியார் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்து எங்கள் ஊரில் கோட்டை கட்டியதும் இந்தப் பக்கத்து மெல்லிய துணிக்காகத்தானே!

கையைத் தூக்கினால்தான் கட்ட முடியும்

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த காலைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். ஆடுசதை வற்றி, தோல் உரிந்து, மற்றக் காலில் முக்கால்வாசிதான் இருந்தது. இது எல்லாருக்கும் ஆவதுதான், பயிற்சி செய்தால் சதை திரும்ப வரும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, இனி ஊன்றி நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்றார்.

பிள்ளை ஊன்றவில்லை. "மறுபடி உடைஞ்சிடும்மா." சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனான். கெஞ்சினோம். அவன் அப்பா ஒருநாள் அதட்டினார். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள், "கவசத்தைப் போட்டுப் பார்க்கிறேன்" என்றான். கொடியில் தொங்கியதை எடுத்து அவன் மார்பைச் சுற்றி வைத்தேன். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். இடது விலாவில் கயிறு முடிய அத்தை குனிந்தார்.

"ரெண்டு கையையும் தூக்கு ராஜா. இப்படி நின்னா எப்படிக் கட்டறது?"

"விழுந்துடுவேன் ஆயா."

"நான் உன் இடுப்பைப் பிடிச்சிட்டிருக்கேன். கவசம் போட்டவன் விழுவானா?"

அவன் கம்பியை விட்டான். இரண்டு கையையும் தூக்கினான். தூக்கியதும் வலது கால் தானாகத் தரையைத் தேடி ஊன்றிவிட்டது. அத்தை ஒன்றும் நடக்காதது மாதிரி நிதானமாக முடிச்சுப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் தோள் பட்டையை இழுத்து மார்பில் முடிந்தேன். என் கை நடுங்கிற்று. முடித்துவிட்டு இருவரும் கையை எடுத்தோம். இரண்டு காலில் நின்றான். "கனமாவே இல்லம்மா" என்றான். கவசத்தைச் சொன்னானா, காலைச் சொன்னானா, நான் கேட்கவில்லை.

அப்புறம் தினமும் காலையில் கவசம் போட்டு வாசல் வரை நடை. போட்ட சிறிது நேரத்தில் உடம்புச் சூட்டில் துணி இளகி வளைந்து கொடுத்தது. பிறகு, "கிரேக்கனுக்கு முழங்காலுக்குக் கீழே வெண்கலத்திலே காப்பு உண்டு, அதுவும் வேணும்" என்று அட்டையில் ஒன்று செய்து, உடைந்த காலுக்கே கட்டிக்கொண்டான். மூன்றாம் வாரம் பள்ளிக்கூடம் போனான். கவசத்தையும் எடுத்துப் போனான். வகுப்பில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்களாம். மெய்ப்பையிலிருந்து மாஸா வரை சொன்னானாம். பேசிய பிள்ளை ஒரு மாதத்துக்கு முன் ஸ்கூலே வேண்டாம் என்றவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு போனோம். தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். 1996-லிருந்து திறந்திருக்கிறது. நெசவாளர் வீட்டுத் தறியருகில் என் மாமியார் நின்று, எது பாவு, எது ஊடை, கஞ்சி எப்போது போடுவது என்று பேரனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் நின்று கேட்டார்கள். நானும் கேட்டேன், இருபது வருஷம் தாமதமாக.

நீங்களும் செய்து பார்க்க

* ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு நாலு அடுக்கே போதும். பெரிய பிள்ளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு.

* பழைய பருத்தித் துணி மட்டும். பாலியெஸ்டர் கலந்தது பசையைக் குடிக்காது. கஞ்சியை நன்றாக அலசிக் காயவைத்த பிறகு ஒட்டவும்.

* ஒவ்வொரு துணியையும் வடிவமாக வெட்டிக்கொண்டு பிறகு ஒட்டவும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நல்ல வெயிலில் காயவிடவும். ஓரத்தைச் சுற்றிப் பெரிய தையல் போட்டுவிட்டால் பிரியாது.

* கழுத்து, அக்குள் ஓரங்களில் மெல்லிய துணி வைத்து மூட்டவும். இல்லாவிட்டால் சிராய்க்கும்.

* நம் ஊர் வெயிலில் கால் மணி நேரத்துக்கு மேல் போடவிடாதீர்கள். காற்றுப் புகாது. கழற்றியதும் மோரோ தண்ணீரோ கொடுங்கள்.

* பேராசிரியர் தம் மாணவர் போட்டிருக்கும்போதே அம்பு விட்டாராம். நாம் அந்த வேலைக்குப் போக வேண்டாம். சோதனையெல்லாம் தலையணைக்குக் கட்டி வைத்துத்தான், அதுவும் பெரியவர்கள் கையால்.

* கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பசை காய்ச்சும் முன்பு அவர்களைக் கேளுங்கள். நான் மைதாவில் வீணாக்கிய ஐந்து நாள் உங்களுக்கு மிச்சமாகும்.